மட்டம் குறையாத டிரம்

எங்கள் டிப்போவில் பதினொரு எண்ணெய் டேங்க்குகள் இருக்கின்றன. தினமும் காலையில் ஒவ்வொன்றின் மேலும் ஏறி, மூடியைத் திறந்து, நீளமான டிப் கம்பியை அடிவரை இறக்கி, அது எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். மட்டம் கொஞ்சம் குறைந்தால் நாங்கள் பதற மாட்டோம். வெயிலில் ஆவியாகும், வால்வில் கசியும், அதற்கெல்லாம் ஒரு கணக்கு உண்டு. மட்டம் கூடினால்தான் பதற்றம். லாரியே வராத டேங்க்கில் இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தால், யாரோ எதையோ ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கு யாரும் வீட்டுக்கு நேரத்தோடு போக முடியாது.

இப்படிப்பட்டவன் வீட்டில் ஓர் அரிசி டிரம் குறையவே மாட்டேன் என்று நின்றால் அவன் கதி என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் மனைவி பதினாறு வருடம் ஒரு துணிக்கடையில் பில் போட்டவள். நாற்பத்தொரு வயதில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரத்தப் பரிசோதனைப் பயிற்சியில் சேரப்போவதாகச் சொன்னாள். ஒரு வருடம், பகல் முழுக்க வகுப்பு, முடித்தால் ஆஸ்பத்திரி லேபில் வேலை.

"நாப்பத்திரண்டு முடிஞ்சிட்டா சேத்துக்க மாட்டாங்க. இப்ப விட்டா அப்புறம் கிடையவே கிடையாது" என்றாள்.

பதினாறு வருடத்தில் அவள் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டபோது அவள் முகத்தைப் பார்த்தேன். மறுக்க மனசு வரவில்லை, சரி என்றேன். அவள் சம்பளம் நின்றுவிடும். என் ஒரு சம்பளத்தில் நான், அவள், ஏழாம் வகுப்புப் படிக்கும் எங்கள் பாப்பா, மூன்று பேரும் ஒரு வருடத்தைத் தள்ள வேண்டும். நடுவில் எங்கேயாவது கையைக் கடித்தால் அவள் படிப்பை விட்டுவிட்டுக் கடைக்கே திரும்ப வேண்டியதுதான். எல்லாம் தெரிந்துதான் சரி என்றேன்.

விஷயம் கேள்விப்பட்டு அவள் அண்ணன் போன் செய்தார்.

"மாப்ள, உங்க ஒரு சம்பளத்துலயா? மூணு மாசம் தாண்டாது, எழுதி வெச்சுக்கங்க."

எழுதித்தான் வைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே வீட்டை டிப்போவாக மாற்றினேன். அரிசி டிரம், எண்ணெய் டின், சர்க்கரை டப்பா, சோப்புத்தூள் பெட்டி, எல்லாவற்றுக்கும் வாரம் ஒருமுறை மட்டம் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பாப்பாவின் பழைய மரஸ்கேல் இரண்டை இணைத்துக் கட்டி டிப் கம்பி தயார் செய்தேன். சமையலறைக் கதவின் பின்னால் ஒரு சார்ட் ஒட்டினேன். அரிசி வாரத்துக்கு ஆறு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். ஏழு இறங்கினால் விசாரணை.

இது தவிர யாருக்கு எது வேண்டுமென்றாலும் என்னிடம் சொல்ல வேண்டும். நான் மூன்று கேள்வி கேட்பேன். இப்பவே வேணுமா? பழசு இருக்கா? அடுத்த மாசம் பாத்துக்கலாமா? மூன்றையும் தாண்டி வந்தால் வாங்கலாம். ஒன்றும் தாண்டி வராது. அதில்தான் அந்தக் கேள்விகளின் சூட்சுமமே இருந்தது. பாப்பா எனக்குக் 'கமிட்டி' என்று பெயர் வைத்தாள். "அம்மா, பென்சில் தீந்துபோச்சு, கமிட்டி வந்துருச்சா?" என்று கேட்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வாழ்க்கை பிடித்துப்போய்விட்டது. பேஸ்ட் டியூபைக் கத்தரியால் வெட்டி உள்ளே வழித்தால் இன்னும் ஒன்பது நாள் வரும் என்று கண்டுபிடித்தேன். நைந்த சட்டைக் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தேன். பேப்பரை நிறுத்திவிட்டு டிப்போவில் படித்தேன். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தேன். டீ குடிக்கும் நேரத்தில் இதையெல்லாம் கூட வேலை செய்பவர்களுக்கு வகுப்பாக எடுத்தேன். அதில் எனக்கு வாய்த்த ஒரே உண்மையான மாணவர் ஆமை. ஏணியில் அவர் ஏறுகிற வேகத்துக்காக வந்த பெயர் அது. மற்றவர்கள் என்னைக் கண்டாலே டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

ஐந்தாவது மாதம் முதல் அதிசயம் நடந்தது. அரிசி ஆறுக்குப் பதில் நாலு சென்டிமீட்டர்தான் இறங்கியிருந்தது. அடுத்த வாரம் மூன்று. எண்ணெயும் அப்படியே. சார்ட்டைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன். சிக்கனம் எங்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது, தேவையே குறைந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். தேவை குறைந்தபிறகு எதற்கு அவ்வளவு வாங்க வேண்டும்? வாங்குகிற அரிசியில் கால் பங்கைக் குறைத்தேன். அப்போதும் டிரம் அசையவில்லை. இன்னும் கால் பங்கைக் குறைத்தேன். எட்டாவது மாதம் நான் கடையிலிருந்து திரும்பும்போது பை காற்றில் ஆடிக்கொண்டு வந்தது. டிரம்மோ வயிறு நிறையச் சாப்பிட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஆமையிடம் பெருமையடித்தேன். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்.

"லாரி வராம மட்டம் நிக்குதுன்னா நாம இங்க என்ன சொல்லுவோம்?"

"சந்தேகம்னு சொல்லுவோம்."

"அப்ப வீட்டுல மட்டும் எப்படிச் சாமர்த்தியமாச்சு?"

அந்த மனுஷன் ஏணியில் ஏறத்தான் மெதுவு. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

முதலில் தோன்றியது, இவர்கள் இரண்டு பேரும் சாப்பிடுவதில்லையோ என்பது. எனக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார்களோ என்று உறுத்தியது. ஒரு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவர்கள் தட்டையே பார்த்தேன். இரண்டு பேரும் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். பாப்பா இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டாள். கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருந்தது.

"என்னப்பா, என் வாயையே பாக்கறீங்க?" என்று தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

அடுத்து ஸ்கேல்மீது சந்தேகம் வந்தது. டிப்போவிலிருந்து இரும்பு டேப்பைக் கொண்டுவந்து அளந்தேன். அதே மட்டம். டிரம்மின் அடி உள்ளே நெளிந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்த அரிசியையும் பழைய போர்வையில் கொட்டினேன். அடி ஒழுங்காகத்தான் இருந்தது. அரிசிதான் ஒழுங்காக இல்லை. நான் வாங்குவது குட்டை ரகம், பாதி நொய். இதில் பளிச்சென்று நீட்ட அரிசியும் கலந்து கிடந்தது. ஒரு கைப்பிடியை எடுத்துக் குட்டையைத் தனியாக, நீட்டத்தைத் தனியாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"கல்லு பொறுக்கறீங்களா?" என்றாள் மனைவி.

"இதுல ரெண்டு தினுசு அரிசி இருக்கு."

"கடைக்காரர் கலந்திருப்பாரு."

"நல்ல அரிசியவா கலப்பான்?"

அவள் துவைத்த துணியை மடிக்கப் போய்விட்டாள். நான் கடைக்காரரிடம் போய், எனக்கு ஏன் உயர்ந்த அரிசி போடுகிறீர்கள் என்று சண்டை பிடித்தேன். இருபது வருடத்தில் இப்படி ஒரு புகார் வந்ததில்லை என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

கடைசியில் டிப்போ வழிக்கே வந்தேன். எங்களிடம் ஒவ்வொரு வால்வுக்கும் சீல் உண்டு. டிரம் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதன்மேல் பேனாவால் கையெழுத்துப் போட்டேன். தினமும் காலையில் நானே பிரித்து, அன்றைக்கு வேண்டியதை அளந்து கொடுத்துவிட்டு, மறுபடி ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

"அரிசியத் திருடிக்கிட்டு நாங்க எங்க போகப்போறோம்?" என்றாள் மனைவி. அவள் குரலில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவதா, எனக்குப் பிடிபடவில்லை.

"திருட்டு இல்ல, கூடுது. அதான் என் பிரச்சினையே."

"கூடினா சந்தோஷப்பட்டுட்டுப் போங்களேன்."

அந்த வாரம் அரிசி சரியாக ஆறு சென்டிமீட்டர் இறங்கியது. முதல் மாதத்தில் எவ்வளவோ அவ்வளவு. ஆக எங்கள் சாப்பாடு குறையவே இல்லை, யாரோ ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! யார்? எதற்கு? யோசித்து யோசித்துத் தலையைப் பிய்த்துக்கொண்டதில் ஒரே ஒரு முகம்தான் வந்து நின்றது, மச்சான். மூன்று மாதம் தாண்டாது என்றவர். தங்கச்சி பட்டினி கிடக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாமல் மூட்டை அனுப்புகிறார். சுருக்கென்றது. போனை எடுத்து வாய்க்கு வந்தபடி பேசினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாப்ள, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். "நான் எதுக்கு உங்க வீட்டு டிரம்ல அரிசி கொட்டப்போறேன்? என் வீட்டு அரிசி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதே!"

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. போனை வைத்துவிட்டு டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூடியில் ஒட்டிய டேப்பை எடுத்துவிடலாம் என்று தோன்றியது. எடுத்தேன். அடுத்த சனிக்கிழமை மட்டம் இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது. எனக்குப் பயமாகவே இருந்தது.

இந்தக் குழப்பத்திலும் ஒரு விஷயத்தில் நான் தெளிவாக இருந்தேன். பதினோராவது மாதம் பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே தெரியும். மாதாமாதம் அதற்கென்று ஒதுக்கி ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன். அவளிடம் எப்போது கேட்டாலும், "அதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்று பேச்சை மாற்றினாள். கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லாமல் கட்டி ரசீதை நீட்டினால் எப்படியிருக்கும்? என் விடுமுறை நாளில், காலரைத் திருப்பித் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பயிற்சி நிலையத்துக்குப் போனேன்.

மனைவி பேரைச் சொன்னதும் கவுன்ட்டரில் இருந்த அம்மா பட்டியலில் விரலை வைத்து வரிசையாகப் பார்த்தார். இன்னொரு பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்.

"இந்தப் பேர நாலாவது மாசமே எடுத்தாச்சுங்களே."

"தப்பாப் பாக்கறீங்க. தினமும் வர்றாங்க. காலைல எட்டரைக்குக் கிளம்பறாங்க."

"கிளம்பலாம் சார். இங்க வரல."

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

அவர் ஒரு பைலைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். மனைவியின் கையெழுத்து. பதினாறு வருடம் பில் எழுதிய அந்தச் சாய்ந்த எழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பயிற்சியைத் தொடர இயலவில்லை என்று இருந்தது. என்ன சூழ்நிலை? எங்கள் வீட்டில் அப்படி எந்தச் சூழ்நிலையும் நாலாவது மாதம் இல்லையே! சார்ட் எல்லாம் சரியாகத்தானே இருந்தது? கவரைப் பையில் திருப்பி வைக்கக்கூடத் தோன்றாமல் கையில் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பாப்பா பள்ளியிலிருந்து வந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கவரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அம்மா எங்க பாப்பா?"

"கிடங்குல."

"எந்தக் கிடங்கு?"

"துணிக்கடைக் கிடங்குப்பா. கடைக்குப் பின் தெருவுல இருக்கே."

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ரொம்ப நாளா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சார்ட்டப் பாத்து ரொம்ப சந்தோஷமா இருந்தீங்கப்பா. அதான்."

அந்தக் கிடங்கு எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. துணிக்கடைப் பக்கமே ஒரு வருடமாக நான் போகவில்லை, துணி வாங்கினால்தானே போவதற்கு. உள்ளே கூரைவரை துணிக்கட்டுகள் அடுக்கியிருந்தன, சாயநெடி அடித்தது. அவள் ஒரு ஸ்டூலில் நின்று கட்டுகளின்மேல் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அவள் அதிரவில்லை. இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்டணம் கட்டப் போனீங்களா?"

"ஏன் விட்ட?" என்றேன்.

"ஷூ."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஆஸ்பத்திரி லேபுக்குள்ள வெள்ளை ஷூ இல்லாம விட மாட்டாங்க. மூணாவது மாசம் கேட்டேன். அடுத்த மாசம் பாத்துக்கலாம்னீங்க. மறுபடி கேட்டேன். பழசுக்கு வெள்ளை அடிச்சுக்கன்னீங்க. அடிச்சுட்டுப் போனேன், பெயின்ட் உரிஞ்சு தரையெல்லாம் ஆச்சு. எல்லாரும் பாக்க வெளிய அனுப்பிட்டாங்க. அப்புறம் ஒரு தடவை கேட்டேன். இப்பவே வேணுமான்னீங்க. எட்டு ப்ராக்டிகல் வெளிய நின்னேன். அதுக்கு மேல போனா பேர எடுத்துருவாங்க. நானே எழுதிக் குடுத்துட்டேன்."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொன்னீங்க."

நான் எவ்வளவோ யோசித்தேன். சத்தியமாக எனக்கு நினைவில்லை. அந்த மாதத்து அரிசி மட்டம் வாரவாரியாக எனக்கு மனப்பாடம். முப்பத்தொன்று, இருபத்தைந்து, பத்தொன்பது, பதிமூன்று. என் எதிரே வந்து நின்று இவள் ஷூ கேட்டது மட்டும் எங்கே போயிற்று?

"உங்கண்ணன்கிட்டயாவது கேட்டிருக்கலாமே."

"கேக்கத்தான் போனேன். பாதி வழில திரும்பிட்டேன். ஷூவோட வந்தா, இது எங்கேருந்து வந்துச்சுன்னு அதையும் அளப்பீங்க."

"அப்ப அரிசி?"

"இங்க குடுக்கற சம்பளத்த என்ன பண்றது? உங்க கைல குடுத்தா ஏதுன்னு கேப்பீங்க. டிரம்ல கொட்டினா யாரு கேக்கப்போறான்னு நெனச்சேன்." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க குறைக்கக் குறைக்க நான் கூடத் தூக்க வேண்டியதாப் போச்சு. தோள்பட்டையே போச்சு போங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவரை நீட்டினேன். "பணம் இருக்கு. மறுபடி சேந்துக்க. நான் நாளைக்கே அவங்ககிட்ட பேசறேன்."

"போன மாசத்தோட நாப்பத்திரண்டு முடிஞ்சிருச்சுங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். லேபிள் சுருளை எடுத்து விட்ட இடத்தைத் தேடினாள். ஒரு வருடம் முழுக்க எதற்காக மிச்சம் பிடித்தேனோ அது ஏழு மாதம் முன்னாலேயே கைவிட்டுப் போயிருக்கிறது. அதற்குப் பிறகும் நான் பேஸ்ட் டியூபை வெட்டி வழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. எதற்கென்று கேட்பது? எனக்கு நினைவே இல்லாத ஒன்றுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? வாயைத் திறந்தால் வேறு ஏதோ வந்தது.

"அந்தப் படிப்பு கஷ்டமா இருந்துச்சா?"

அவள் கை நின்றது. இந்த ஒரு வருடத்தில் அவள் படிப்பைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். கேட்ட பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

"இல்லியே. எனக்கு நல்லா வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"கைய நீட்டுங்க."

நீட்டினேன். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டாள். மேல்கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மடிப்பில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். விரல் கொஞ்சம் நகர்ந்தது, கொஞ்சம் திரும்பியது, ஓரிடத்தில் நின்றது.

"நரம்பு இங்க இருக்கு. சில பேருக்குக் கண்ணுக்கே தெரியாது. தெரியலன்னா வகுப்புல என்னத்தான் கூப்பிடுவாங்க. ஒரே குத்துல எடுத்துருவேன். வலிச்சுதுன்னு யாரும் சொன்னதில்ல."

வெளியே வண்டி வந்து நின்று யாரோ ஹாரன் அடித்தார்கள். கட்டுகளை ஏற்ற வேண்டும் போலிருக்கிறது, உள்ளேயிருந்து ஒருவர் அவளைக் கூப்பிட்டார். அவள் விரலை எடுக்கவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ள இன்னொரு கை சும்மாதான் இருந்தது, அதைத் தூக்கத் தோன்றவில்லை. நீட்டின கையை நீட்டினபடியே வைத்துக்கொண்டு நின்றேன்.